குடியை விட்டு மூன்று மாதம். முகூர்த்த வேலைக்குப் போகலாமா?

கேட்டவர் காரைக்குடிப் பக்கத்தில் விசேஷ வீடுகளுக்குச் சமைக்கப் போகும் ஒரு தம்பி. அவர் கேட்டதன் சுருக்கம் இது:

"குடியை விட்டு மூன்று மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஆசையே வரவில்லை. வீட்டிலும் ஓரளவு சமாளித்துவிட்டேன். போன வாரம் ஒரு காதுகுத்து வேலைக்குப் போனேன். சுக்கா வதக்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எச்சில் ஊறி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கிவிட்டது. குடிக்கவில்லை, ஆனால் பயந்துபோனேன். போன கார்த்திகையில் மாலை போட்டிருந்த ஒரு மண்டலமும் தொடாதவன், மாலை கழற்றின அன்று ராத்திரியே குடித்தேன். எனக்கு மன உறுதி இல்லையா? சமையல் வேலையையே விட்டுவிட வேண்டுமா? வைகாசியில் வரிசையாக முகூர்த்தம் இருக்கிறது. மாமியார் ஏதோ மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடலாம் என்கிறார். அது சரியா?"

தம்பி, உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நான் நினைக்கவில்லை. சட்டி முன்னால் நின்று கை நடுங்கிய பிறகும் வேலையை முடித்துவிட்டு, குடிக்காமல் வீடு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் இல்லாதது ஒன்றுதான். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் கூட இருக்கும்போது ஆசை வந்து பிடிக்கும் என்ற கணக்கு இன்னும் உங்கள் கையில் இல்லை. அதைப் போட்டுவிட்டால் வைகாசி வேலைக்குப் போகலாமா என்பதற்கும் பதில் கிடைத்துவிடும். போதை மறுவாழ்வு ஆலோசகராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். உங்கள் மனைவியும் சேர்ந்து படித்தால் நல்லது.

முதலில் அந்த நடுக்கம். குடியை நிறுத்திய முதல் நாலைந்து நாளில் வரும் நடுக்கம் வேறு, இது வேறு. அது சாராயத்துக்குப் பழகிய உடம்பு அது கிடைக்காமல் தவிப்பதால் வருவது, அந்தக் கட்டத்தை நீங்கள் ஆஸ்பத்திரியிலேயே தாண்டிவிட்டீர்கள். மூன்று மாதம் கழித்து வருவது மூளை கற்றுவைத்திருக்கும் பாடம். ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களுக்குச் சாப்பாடு போடுவதற்கு முன்னால் ஒரு சத்தத்தைக் கேட்க வைத்தார். சில நாளில் சாப்பாடு வராமலே, சத்தத்துக்கே அவற்றுக்கு எச்சில் ஊறியது. 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். தொடக்கத்தில் பழச்சாறு வாயில் பட்டதும் அந்தச் செல்கள் துடித்தன. பழகிய பிறகு சாறு வரப்போகிறது என்று காட்டும் அடையாளத்தைக் கண்டதுமே துடித்தன, சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. கிடைப்பதைவிடக் கிடைக்கப்போகிறது என்ற சேதிக்குத்தான் அங்கே வேகம் அதிகம்.

உங்கள் விஷயத்தில் சுக்கா வதங்கும் வாசனைக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் குவாட்டர் வந்திருக்கிறது. போன வாரம் வாசனை மட்டும் வந்தது, உடம்பு வழக்கம்போலத் தயாராகிவிட்டது. எச்சில், படபடப்பு, நடுக்கம் மூன்றும் அதன் வேலை. நீங்கள் விரும்பி வரவழைக்கவில்லை. அதனால் அதற்காக வெட்கப்படவும் வேண்டாம், "உள்ளுக்குள் இன்னும் குடிகாரன்தான்" என்று உங்களைத் திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அந்தத் திட்டே அடுத்த தூண்டுதலாக மாறிவிடும்.

ஆஸ்பத்திரியில் ஏன் ஆசை வரவில்லை? அங்கே அந்த வாசனை இல்லை, அந்தக் கூட்டாளிகள் இல்லை, கையில் சம்பளம் இல்லை. வியட்நாம் போர் சமயத்தில் அமெரிக்க ராணுவத்தில் ஏராளமான சிப்பாய்கள் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார்கள். 1971-இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் தொடர்ந்து விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊருக்கு வந்த முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். ஹெராயின் எளிதில் கிடைக்காதது, குடும்பம், வேலை என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் அந்தப் பழக்கம் ஒட்டியிருந்த இடத்தையும் ஆட்களையும் விட்டு அவர்கள் வந்துவிட்டார்கள் என்பது பெரிய காரணம். உங்கள் நிலைமை நேர்தலைகீழ். ஆஸ்பத்திரி என்ற வெளியூரில் விட்டீர்கள், பழக்கம் ஒட்டியிருக்கும் ஊருக்கே திரும்பி வந்திருக்கிறீர்கள். ஓரிடத்தில் அடங்கிய ஆசை பழைய இடத்துக்கு வந்ததும் எழுந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் அந்தந்த இடத்திலேயே குடிக்காமல் இருந்து பழகவேண்டியிருக்கிறது. வீட்டில் பழகிவிட்டீர்கள், அடுப்படியில் இப்போதுதான் தொடங்குகிறீர்கள்.

இதே கணக்கில்தான் உங்கள் மாலையும் வருகிறது. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் எத்தனையோ ஆண்கள் இதை வைத்துத்தான் "மண்டலம் முழுக்க இருந்தேனே, நான் அடிமை இல்லை" என்றும், "மாலை கழற்றியதும் விழுந்தேனே, நான் தேறவே மாட்டேன்" என்றும் இரண்டு பக்கமும் தப்பாக முடிவு கட்டுகிறார்கள்.

மாலை போட்டிருந்த நாட்களில் உங்களைச் சுற்றி என்னென்ன மாறியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் குளியல். கறுப்பு வேட்டி. காலில் செருப்பு இல்லை. தனிப் பாய். வீட்டில் கறி மீன் வாசனையே கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் குருசாமி வீட்டில் பஜனை, அப்புறம் சிற்றுண்டி. ஊரெல்லாம் உங்களைச் "சாமி" என்றது. "மாப்ள, வாடா" என்று தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போகிறவன்கூட உங்களைக் கண்டால் ஒதுங்கி நின்றான். குடியை நினைவூட்டும் அடையாளங்கள் மொத்தமாக விலகின. அந்த நேரங்கள் வேறொன்றால் நிரம்பின. வழிநடத்த ஒருவர் இருந்தார், கூட இருக்க ஒரு குழு இருந்தது. ஐயப்பன் அருள் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அந்த அருள் எந்தெந்த வழியாக வந்தது என்றுதான் எடுத்துக்காட்டுகிறேன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடக்கிறவர்களிடமும் இதைப் பார்க்கலாம். நடக்கிற நாட்களில் தொடுவதில்லை. திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய சாயங்காலம்தான் சோதனை.

ஏனென்றால் மாலை கழற்றுகிற நாளில் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வருகின்றன. செருப்பு, பேண்ட் சட்டை, மறுநாள் வீட்டில் கறி, பழைய கூப்பாடு, "இத்தனை நாள் இருந்துட்டியே மாப்ள, ஒரு கட்டிங் போடு" என்ற உபசாரம். பஜனை நின்றுவிட்டது, குருசாமி அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நீங்கள் அன்று தோற்றது உறுதியில் இல்லை. அந்த நாளுக்கு ஒரு ஏற்பாடும் இல்லாமல் இருந்தது, அதனால் விழுந்தீர்கள். அடுத்த தடவை மாலை போட்டால் கழற்றிய பிறகு வரும் முதல் பத்து நாளுக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விடியற்காலைக் குளியலும் சாயங்காலக் கோயிலும் அப்படியே தொடரட்டும். கறி எடுப்பதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். மாலை கழற்றும் அன்று ராத்திரி உங்களோடு வீட்டில் யார் இருப்பது என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். மாலை இல்லாத இந்த மாதங்களுக்கும் விரதத்தின் அந்த நேர ஒழுங்கு உதவும்.

சரி, உங்கள் அடுப்படிக்கு வருவோம்.

முதல் நாள் சாயங்காலமே சாமான் இறங்கும். ராத்திரி காய் வெட்டு, மசாலா அரைப்பு. இரண்டு மணி நேரம் கண் அசந்தால் அதிகம். மூன்று மணிக்கு இட்லிப் பானை ஏறும். காலைப் பலகாரம் முடிந்து, மத்தியானப் பந்தி ஓயும்வரை பின்கட்டில் நெருப்பு முன்னால் நிற்கவேண்டும். ஊருக்கே சமைக்கிறவர் உட்கார்ந்து சாப்பிடமாட்டார். உப்புப் பார்த்து, காரம் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டதாகத் தோன்றும், டீயும் பீடியும் வெற்றிலையுமே ஓடும். நாலு மணிக்கு அண்டா கழுவி வைக்கும்போது இடுப்பும் காலும் கெஞ்சும். அந்த நேரத்தில்தான் மாஸ்டர் சம்பளத்தைக் கையில் வைப்பார். விசேஷ வீட்டுக்காரர் வந்து "சாப்பாடு பிரமாதம்பா" என்று மேலே ஐந்நூறு கொடுப்பார். அப்புறம் எல்லோரும் ஏறுகிற வேன், வழியில் நிற்கிற வேன்.

குடியை விட்டவர்களின் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நாலையும் அடிக்கடி சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். உங்கள் வேலையில் பசியும் களைப்பும் உச்சத்தில் இருக்கும் அதே நிமிஷத்தில் காசும், பாராட்டும், கூட்டமும் வந்து சேர்கின்றன. துக்கம் வந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். சந்தோஷமும் கைநிறையக் காசும் அதே அளவுக்கு இழுக்கும். சுக்கா வாசனை உங்களைப் பயமுறுத்திவிட்டது, அதனால் அதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் அந்த வாசனையில் இல்லை. அப்போது கையில் வேலை இருக்கிறது, சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், சட்டியை விட்டு நகர முடியாது. நாலு மணியிலிருந்து வீட்டு வாசல் வரையுள்ள நேரம்தான் கண்டம்.

அந்த நேரத்தை இப்படி மாற்றலாம். பதினோரு மணிக்கு, பந்தி தொடங்குமுன், இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். நின்றுகொண்டு வாயில் போட்டுக்கொள்வது கணக்கில் சேராது. பகல் முழுக்க உப்புப் போட்ட மோர் பக்கத்தில் இருக்கட்டும். சம்பளத்தைக் கையில் வாங்காதீர்கள். உங்கள் மனைவியின் கணக்குக்கு ஜிபேயில் போட்டுவிடச் சொல்லுங்கள், பஸ் காசு மட்டும் சட்டைப் பையில் இருந்தால் போதும். வேனில் ஏறவேண்டாம். உங்கள் வண்டியிலோ பஸ்ஸிலோ போய் வாருங்கள், அண்டா ஏற்றிய கையோடு கிளம்பிவிடுங்கள். கிளம்பும்போது ஒருவருக்கு போன் செய்து "கிளம்பிட்டேன்" என்று சொல்லுங்கள். அது மனைவியாக இல்லாமல், உங்களைப் போலவே குடியை விட்ட ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. அவரிடம் "ஒரு மாதிரி இருக்குண்ணே" என்று கூச்சமில்லாமல் சொல்லமுடியும்.

இதில் எதையும் மாஸ்டருக்குத் தெரியாமல் செய்ய முடியாது. அவரிடம் தனியாக, வேலை நாளில் இல்லாமல் முன்னாலேயே, நேராகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நான் மருந்து எடுத்துக்கிட்டிருக்கேன், குடியை விட்டுட்டேன். சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிடுங்க. பசங்க ஊத்துற இடத்துக்கு என்னைக் கூப்பிடவேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க." விடியற்காலை மூன்று மணிக்குத் தவறாமல் எழுந்திருக்கும் ஆள் அவருக்கும் தேவை. கூட்டாளிகளிடம் இவ்வளவு விளக்கம் தேவையில்லை. "வேணாம்டா, மாத்திரை சாப்பிடுறேன்" என்று ஒரே வரி சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகருங்கள். "பீர்தானே", "ஒரு கட்டிங்தானே", "எங்க கூட உக்காந்து கூல்டிரிங்க்ஸாவது குடி" என்பார்கள். வாதாட நின்றால் பத்து நிமிஷத்தில் அவர்கள் பேச்சு நியாயமாகத் தெரிய ஆரம்பிக்கும். கூட உட்கார்ந்து கூல்டிரிங்க்ஸ் குடிப்பது முதல் வருஷத்தில் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் டம்ளர் சத்தமும், தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துப் பிய்க்கிற சத்தமுமே உங்கள் மூளைக்குப் போதும்.

இவ்வளவு செய்தும் ஆசை வரத்தான் செய்யும். வரும்போது என்ன செய்வது? சமையல்காரரான உங்களுக்குத் தெரிந்த விஷயத்தை வைத்தே சொல்கிறேன். பொங்கி வருகிற பாலைத் தட்டுப்போட்டு அமுக்கினால் வழியும், தீயைக் குறைத்தால் தானே இறங்கும். ஆசையும் ஏறி உச்சிக்குப் போய் இறங்குகிற ஒன்றுதான். நாம் அதற்குத் தீனி போடாவிட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இதைக் குடித்தே பழகியவர் பார்த்ததே இல்லை, ஏனென்றால் உச்சிக்குப் போகுமுன்பே குடித்துவிடுவார். "குடிக்காவிட்டால் இது ஏறிக்கொண்டே போகும், தாங்காது" என்று அவர் நம்புவது அதனால்தான். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இந்த ஏற்ற இறக்கத்தை எதிர்த்து மல்லுக்கட்டாமல் கவனித்துப் பார்க்கும் பயிற்சியைத் தன் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். எங்கே பிடிக்கிறது, நாக்கிலா, நெஞ்சிலா, வயிற்றிலா என்று பாருங்கள். இப்போது கூடுகிறதா, குறைகிறதா என்று பாருங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள். "ஆசை வந்திருக்கிறது, போய்விடும்" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

கவனிக்க முடியாத அளவுக்கு வேகமாக வந்தால் இடத்தை மாற்றுங்கள். பின்கட்டிலிருந்து முகப்புக்கு வந்து, பந்திக்குத் தண்ணீர் வைக்கிற பையனோடு பேசுங்கள். இரண்டு தம்ளர் தண்ணீர், ஒரு பணியாரம் அல்லது கொஞ்சம் கருப்பட்டி. இனிப்பு பலருக்கும் ஆசையைத் தணிக்கிறது, சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பசி இருந்தால் உடனே சாப்பிடுங்கள். குடிக்கப் போகிற ஆசை என்று நினைத்த பல தடவை அது வெறும் பசி என்று கண்டுகொள்வீர்கள்.

கடை நேரத்தையும் கணக்கில் வையுங்கள். சில்லறை மதுவிற்பனை 2003-இலிருந்து டாஸ்மாக் கையில் இருக்கிறது. பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்குக் கடை மூடுகிறது. அதனால் நம் ஆட்களின் ஆசைக்கும் அந்தக் கடிகாரமே பழகிப்போயிருக்கிறது. ஒன்பதரை மணிக்கு "இப்போ விட்டா இன்னைக்குக் கிடைக்காது" என்று ஒரு பரபரப்பு வரும். நாள் முழுக்க நன்றாக இருந்தவர்கள் அந்த அரை மணியில் விழுந்திருக்கிறார்கள். அதேபோல் காந்தி ஜெயந்தி போன்ற விடுமுறைக்கு முதல் நாள் சாயங்காலம். ஒன்பது மணிக்குள் சாப்பிட்டு, குளித்து, வீட்டுச் சட்டைக்கு மாறிவிடுங்கள். பத்து மணி தாண்டியதும் பரபரப்பு தானாகக் குறைவதைப் பார்ப்பீர்கள்.

இன்னொன்றைக் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன். யாரும் நேராகக் கடைக்குப் போவதில்லை. அந்தத் தெருவில் ஒருவன் தரவேண்டிய காசை வாங்கப் போவார். பீடி வாங்க, பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கடையை விட்டுவிட்டு ரவுண்டானாவுக்குப் போவார். மனைவி பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு, "வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று தனியாக இருப்பார். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும், சேர்த்துப் பார்த்தால் குவாட்டருக்குப் போகிற வழியாக இருக்கும். மார்லட் தன் நோயாளிகளிடம் தேடியது இந்தச் சின்னச் சின்ன முடிவுகளைத்தான். "நான் ஏன் இப்போது இந்தப் பக்கம் வந்தேன்?" என்று உங்களையே கேட்கப் பழகுங்கள்.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். ஆசை வந்த நேரம், இடம், கூட யார், அதற்குமுன் எப்போது சாப்பிட்டீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், பத்துக்கு எத்தனை மார்க் வேகத்தில் வந்தது, எப்போது அடங்கியது. இரண்டு வாரம் எழுதினாலே உங்கள் கணக்கு உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் மேலே சொன்னதெல்லாம் பொதுவானது, அந்த நோட்டில் இருப்பதுதான் உங்களுடையது.

நம் பக்கத்துக்கே உரிய சில நாட்களும் இருக்கின்றன. தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி மகத்தன்று அரளிப்பாறை, ஊர்த் திருவிழா ராத்திரிகள், சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும் மச்சான் கொண்டுவரும் பாட்டில், கேதத்துக்குப் போன இடத்தில் "மனசு ஆறட்டும்" என்று நீட்டுகிற டம்ளர். காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள். இந்த ஒரு வருஷம் சிலவற்றுக்குப் போகாமல் இருந்தால் குடி முழுகிவிடாது. கேதம் மட்டும் போகாமல் இருக்க முடியாது. மனைவியோடு போய், மாலை போட்டு, எடுத்து முடிந்ததும் திரும்பிவிடுங்கள்.

மனைவிக்கு ஒரு வார்த்தை. அம்மா, நீங்கள் பட்ட பாட்டுக்கு சந்தேகம் வருவது இயற்கை. ஆனால் அவர் வாசலில் கால் வைத்ததும் "ஊது பார்க்கலாம்" என்பதும், சட்டைப் பையைத் தடவுவதும் அவருக்குப் பெரிய தூண்டுதலாகிவிடும். குடிக்காத நாளிலும் குடிகாரன் பட்டம்தானே என்று தோன்றிவிடும். சம்பளம் உங்கள் கணக்குக்கு வருகிறது, கிளம்பும்போது போன் வருகிறது என்ற ஏற்பாட்டை நீங்கள் இருவரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டால் சோதனை தேவைப்படாது. பழைய சண்டைகளைப் பேசித் தீர்க்கவேண்டியது உண்டுதான். ஆனால் விசேஷ வேலை முடிந்து வந்த ராத்திரியில் வேண்டாம்.

தப்பித்தவறி ஒருநாள் குடித்துவிட்டால்? அன்று குடித்ததைவிட ஆபத்தானது "அதான் போச்சே" என்ற நினைப்பு. மூன்று மாதம் மண்ணாய்ப் போய்விட்டதாக நினைத்து, அந்த ஒரு குவாட்டரை ஒரு மாதக் குடியாக்கிவிடுகிறார்கள். மண்ணாய்ப் போகவில்லை. அன்று ராத்திரியே ஒருவரிடம் சொல்லுங்கள், மறுநாள் டாக்டரைப் பாருங்கள், எந்த இடத்தில் கணக்கு தவறியது என்று நோட்டில் எழுதுங்கள். நாள் கணக்காகத் தொடர்ந்து குடித்துவிட்டிருந்தால் மட்டும் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த முயற்சிக்காதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதையடுத்த நாட்களில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும் பிதற்றலும் வரலாம். உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில்தான் நிறுத்தவேண்டும்.

வேலையை விடவேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், விடவேண்டாம். கைத்தொழில் போனால் கடனும், சும்மா இருக்கும் பகலும், வீட்டில் மதிப்புக் குறைவும் சேர்ந்து வரும், அவை சுக்கா வாசனையைவிடக் கொடிய தூண்டுதல்கள். ஆனால் வைகாசியில் எல்லா முகூர்த்தத்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சென்னை, கோயம்புத்தூர் என்று போய் லாட்ஜில் தங்கவேண்டிய வேலைகளை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். அன்றே வீடு திரும்பக்கூடிய உள்ளூர் வேலை, அதுவும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நாள் தூக்கம் இருக்கிற மாதிரி எடுங்கள். முதலில் சைவ விருந்துகளாக இருந்தால் நல்லது. நகரத்தார் வீட்டு அறுபதாம் கல்யாணச் சாந்தி, கல்யாணம் போன்றவை அப்படித்தானே இருக்கும். கிடா வெட்டும் காதுகுத்தும் கொஞ்சம் காத்திருக்கட்டும். குடிக்காமல் முடிக்கிற ஒவ்வொரு வேலையும் அந்த அடுப்படியில் பழைய பாடத்தின் மேல் புதிய பாடத்தை எழுதுகிறது. பழையது முழுக்க அழியாது, ஆனால் சத்தம் குறைந்துகொண்டே வரும்.

கடைசியாக அந்த மாத்திரை. மாமியாரிடம் தன்மையாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: கலந்து கொடுக்கவே கூடாது. அவர் சொல்வது பெரும்பாலும் டைசல்பிராம் ஆக இருக்கும். 1948-இல் டென்மார்க்கில் குடிநோய்க்குப் பயன்படுத்த ஆரம்பித்த மருந்து, இன்றும் பயன்படுவதுதான். அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, சிலருக்கு உயிரே போகும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கலாம். தன் உடம்பில் அது இருப்பது தெரியாதவர் ஒரு டம்ளர் குடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, கல்லீரலும் இதயமும் சோதித்த பிறகு டாக்டர் கொடுத்தால்தான் அது மருந்து. ஆசையைக் குறைக்கவே நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன. ஒன்றுக்குக் கல்லீரலையும் மற்றொன்றுக்குச் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்றும் அங்கேயே விசாரிக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. ராத்திரி நேரத்தில் தாங்கமுடியாமல் போனால் டெலி மானஸ் 14416 எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், போதை மீட்புக்கென்று 14446 எண்ணும் இருக்கிறது. இரண்டு எண்களையும் உங்கள் போனிலும் மனைவி போனிலும் இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், மாஸ்டரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.